வீட்டு ஜெபக்கூட்டத்தில் சுவிசேஷத்தை நடுவில் வைப்பது எப்படி: கோலாலம்பூரில் கூட்டம் நடத்தப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செந்தூலில் ஒரு பிளாட், பூச்சோங்கில் ஒரு டெரஸ் வீடு, கெப்போங்கில் ஒரு கொண்டோ. வெள்ளிக்கிழமை இரவு அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடி ஜெபிக்கிறார்கள். "இனிமே இந்தக் கூட்டத்தை நீங்களே நடத்துங்க பிரதர்" என்றோ, "சிஸ்டர், நீங்க பார்த்துக்கோங்க" என்றோ போதகர் உங்களிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

இந்தக் கூட்டங்களில் யாரும் சுவிசேஷத்தை மறுப்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பாட்டு நீளும், சாட்சி நீளும், விண்ணப்பம் நீளும். கிறிஸ்து நமக்காக என்ன செய்தார் என்று பேச நேரம் வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், வீட்டுக்கார அம்மா மீஹூனைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போயிருப்பார். அதனால் இங்கே நான் அதிகம் பேசப்போவது வரிசையைப் பற்றி. எது முதலில், எது பிறகு என்பதை மாற்றினாலே பாதிக் காரியம் சரியாகிவிடும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, போதகரோடு ஒரு பேச்சு. அந்த மாதம் எந்த வேதபகுதிகளை எடுக்கப்போகிறீர்கள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஞாயிறு பிரசங்கம் ஒரு பக்கமும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் இன்னொரு பக்கமும் இழுத்தால் ஜனங்கள்தான் குழம்புவார்கள்.

இரண்டாவது, கூட இருக்க ஒருவர். நீங்கள் பேசும்போது அறையைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும்: யார் அழுகிறார், யார் புதிதாக வந்திருக்கிறார், எந்தப் பிள்ளைக்குத் தமிழ் புரியவில்லை என்று. பேசுகிறவரால் இதையெல்லாம் பார்க்க முடியாது.

மூன்றாவது, பெரிய எழுத்து வேதாகமம் இரண்டு, பாட்டு வரிகளின் அச்சுப் பிரதி. மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலர் தமிழை நன்றாகப் பேசுவார்கள், ஆனால் வாசிக்க வராது. அவர்களுக்கு ரோமன் எழுத்தில் ஒரு பிரதி வையுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை போனை எடுத்துவிடும். அது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை.

நான்காவது, வீட்டுக்காரரின் நிலைமை. பிளாட்டில் சத்தம் எத்தனை மணிக்குள் அடங்க வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தலாம், சமையல் யார் பொறுப்பு என்று முன்பே கேளுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே வீட்டின் தலையில் சாப்பாட்டைப் போட்டால் அந்தக் குடும்பம் கூட்டத்தையே பாரமாக நினைக்க ஆரம்பித்துவிடும்.

1. சுவிசேஷத்தை நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். 1 கொரிந்தியர் 15:1-4 வாசியுங்கள். பவுல் தாம் "பிரதானமாக" ஒப்புவித்தது என்னவென்று அங்கே எழுதுகிறார்: கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார், எல்லாம் வேதவாக்கியங்களின்படி. வேதாகமத்தை மூடிவிட்டு இதையே உங்கள் சொந்த வார்த்தைகளில் நான்கைந்து வாக்கியங்களில் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் போதாது, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

புதிதாக வருகிறவர்களைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் வரும். ஒன்று, சொந்தக் கதை: "நான் குடிச்சிட்டிருந்தேன், ஆண்டவர் என்னை மாத்திட்டார்." நல்ல சாட்சி, கேட்க வேண்டியதும்கூட. ஆனால் அது சுவிசேஷத்தின் விளைவு. இன்னொன்று, அறிவுரை: "ஆண்டவரை நம்பு, ஒழுங்கா சபைக்கு வா, எல்லாம் சரியாயிடும்." இதில் செய்கிறவர் முழுக்க நாம்தான்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. நீங்கள் சொன்ன வாக்கியங்களில் எழுவாய் யார் என்று பாருங்கள். பாதிக்கு மேல் "நான்", "நீ" என்று இருந்தால் திரும்ப எழுதுங்கள். தேவன் செய்தார், கிறிஸ்து மரித்தார், கிறிஸ்து எழுந்தார் என்று வர வேண்டும். நம்முடைய மனந்திரும்புதலும் விசுவாசமும் அதற்கு நாம் கொடுக்கும் பதில். பதிலைச் செய்தியின் இடத்தில் வைத்துவிடக் கூடாது.

2. கூட்டத்துக்கு முன்னால், உங்கள் வீட்டில்

வெள்ளிக்கிழமை மட்டும் கிருபையைப் பேசிவிட்டு மற்ற நாளெல்லாம் கணக்குப் பார்த்து வாழ்ந்தால் அது எப்படியும் பேச்சில் வெளியே வந்துவிடும். இரவு ஷிப்ட் முடிந்து அசந்து தூங்கி, காலை ஜெபம் தவறிவிட்டது. அன்றைக்கு முழுக்க ஆண்டவர் கோபமாக இருக்கிறார் என்று ஒரு பயம். அந்த நேரத்தில் ரோமர் 8:1-ஐ உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்: கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை. பிறகு எழுந்து ஜெபியுங்கள். பயத்தில் ஜெபிப்பதும் மன்னிக்கப்பட்ட பிள்ளையாக ஜெபிப்பதும் வேறு வேறு.

பிள்ளைகளிடத்திலும் இதே. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம் முடிவு வந்த நாளில் ஏ எண்ணிக்கையைப் பார்த்து "ஆண்டவருக்கு உண்மையா இருந்திருந்தா இப்படி ஆகுமா?" என்று ஒரு வார்த்தை விட்டால், பத்து வருட ஞாயிறு பள்ளிப் பாடம் அங்கேயே அடிபட்டுப் போகும். அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது இதுதான்: ஆண்டவரும் மார்க் பார்க்கிறார். படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்று கண்டியுங்கள். ஆண்டவருடைய அன்பை அதில் பணயம் வைக்காதீர்கள்.

3. ஒரே பகுதி, அதன் முன்னும் பின்னும்

ஒரு கூட்டத்துக்கு ஒரு வேதபகுதி போதும். ஏழெட்டு இடங்களுக்குத் தாவினால் எல்லா வசனமும் நீங்கள் ஏற்கெனவே சொல்ல நினைத்ததற்குச் சாட்சி சொல்ல வந்தவை ஆகிவிடும். ஒரே பகுதியில் உட்கார்ந்தால் அது உங்களைத் திருத்தும்.

வாக்குத்தத்த வசனத்தில் இது மிக முக்கியம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருடத்துக்கென்று வசனம் எழுதிய அட்டை எடுக்கிறோம், அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டுகிறோம். அதிகம் மாட்டப்படுகிறவற்றில் ஒன்று எரேமியா 29:11, "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குவது. அதற்கு முந்தின வசனத்தையும் வாசித்துக் காட்டுங்கள். பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம் அது, 70 வருஷம் ஆகும் என்று அங்கே சொல்லியிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிவரவே இல்லை. தேவன் தம் ஜனத்தைக் கைவிடமாட்டார் என்ற உறுதி அதில் நிச்சயமாக இருக்கிறது. இந்த வருடம் பிரமோஷன் வரும் என்பது அதில் இல்லை. அட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள். முழுக் கடிதத்தையும் சேர்ந்து வாசியுங்கள், அந்த வசனம் முன்னைவிடப் பெரியதாகத் தெரியும்.

4. பகுதியிலிருந்து கிறிஸ்துவிடம் போகும் வழி

அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். பழைய ஏற்பாட்டுக் கதையை எடுத்தால் நீதிக்கதையாக முடித்துவிடுவோம், இல்லையென்றால் கடைசி இரண்டு நிமிடத்தில் சிலுவையை ஒட்டவைப்போம். இரண்டும் வேண்டாம். 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தை, நாகமானின் கதையை, எடுத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

வழக்கமாக நாம் கேட்கும் செய்தி தெரிந்ததுதான்: நாகமான் ஏழு தரம் முழுகினான், ஆறாவது தரத்தில் நிறுத்தியிருந்தால் சுகம் கிடைத்திருக்காது, நீயும் விடாமல் கீழ்ப்படி. கீழ்ப்படிதல் அந்தக் கதையில் இருக்கிறது, உண்மை. ஆனால் கதையின் பாரம் அங்கே இல்லை.

நான் மூன்று கேள்விகள் கேட்பேன். முதல் கேள்வி: இந்த மனுஷனால் தானே சரிசெய்ய முடியாதது எது? அவன் சீரிய ராஜாவின் படைத்தலைவன், பராக்கிரமசாலி, ஆனால் குஷ்டரோகி. பதவியும் பணமும் தொட முடியாத இடத்தில் வியாதி இருக்கிறது.

இரண்டாவது: தேவன் என்ன செய்கிறார், எப்படிச் செய்கிறார்? இங்கே நிதானமாக நில்லுங்கள். நாகமான் பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்றுவஸ்திரம் எல்லாம் கட்டிக்கொண்டு வருகிறான். விலை கொடுத்து வாங்க வந்திருக்கிறான். தீர்க்கதரிசி எலிசா வாசலுக்குக்கூட வரவில்லை, ஆள் அனுப்பி யோர்தானில் முழுகு என்கிறார். அவனுக்குக் கோபம் வருகிறது: தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல நதிகள் இல்லையா? பெரிய காரியம் ஏதாவது சொல்லியிருந்தால் செய்திருப்பான் என்று அவனுடைய ஊழியக்காரரே சொல்கிறார்கள். இறங்கி முழுகுகிறான், சுத்தமாகிறான். திரும்பிவந்து காணிக்கை கொடுத்தால் எலிசா வாங்க மறுக்கிறார். ஏன் மறுக்கிறார் என்று கூட்டத்திடம் கேளுங்கள். பதிலை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அப்புறம் கேயாசி. எலிசாவின் ஊழியக்காரன் பின்னாலேயே ஓடி, பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்றுவஸ்திரமும் வாங்கிக்கொள்கிறான். தேவன் இலவசமாகக் கொடுத்ததற்கு அவன் விலை வைக்கிறான். நாகமானின் குஷ்டரோகம் அவனைப் பிடிக்கிறது. காணிக்கை கொடுத்தால்தான் சுகம், விதைத்தால்தான் அறுவடை என்று நம் காதில் விழுகிற போதனைக்கு இந்த அதிகாரத்தைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. யாருடைய பெயரையும் சொல்லாமல், கேயாசியின் ஓட்டத்தை மட்டும் நன்றாக விவரியுங்கள்.

மூன்றாவது: இது கிறிஸ்துவில் எப்படி நிறைவாகிறது? இந்தக் கதையில் அதை நாமாகத் தேட வேண்டியதே இல்லை. லூக்கா 4:27-ல் இயேசுவே நாசரேத்து ஜெப ஆலயத்தில் நாகமானைச் சொல்கிறார், தகுதி பார்க்காமல் வெளியாளுக்கு வந்த கிருபைக்கு உதாரணமாக. அந்த ஊரார் அவரை மலைச்சரிவிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். நாகமானுக்கு இலவசமாகக் கிடைத்தது, ஏனென்றால் விலையைத் தேவன் தாமே ஏற்கிறவர். 2 கொரிந்தியர் 8:9-ஐ இப்போது வாசியுங்கள்: ஐசுவரியமுள்ளவராயிருந்தும் அவர் உங்கள்நிமித்தம் தரித்திரரானார். இதற்குப் பிறகுதான் "நாம் என்ன செய்வது" என்ற கேள்வி. நாகமானும் சுகமான பிறகுதான் இனி கர்த்தருக்கே பலியிடுவேன் என்கிறான்.

எச்சரிக்கை ஒன்று. யோர்தான் தண்ணீர் இதற்கு அடையாளம், ஏழு அதற்கு அடையாளம் என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் கட்டாதீர்கள். கேட்பவர்கள் வியப்பார்கள், ஆனால் வீட்டுக்குப் போய்த் தாங்களாக வேதம் வாசிக்கத் துணியமாட்டார்கள்.

5. கூட்டத்தின் வரிசையை மாற்றுங்கள்

நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது: பாட்டு 15 நிமிடம், பாவ அறிக்கையும் மன்னிப்பின் வசனமும் 5 நிமிடம், வேதபகுதி 25 நிமிடம், அதற்குப் பிறகு சாட்சியும் விண்ணப்பமும் 15 நிமிடம், ஜெபம் 20 நிமிடம், பிறகு சாப்பாடு. எட்டு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் தட்டு கைக்கு வந்துவிடும்.

வேதபகுதியைச் சாட்சிக்கும் விண்ணப்பத்துக்கும் முன்னால் கொண்டுவருவதுதான் இதில் பெரிய மாற்றம். தேவைகளைப் பட்டியலிட்டுவிட்டு வேதத்தைத் திறந்தால் வேதம் அந்தத் தேவைகளுக்கு மருந்துச் சீட்டாகிவிடும். தேவன் செய்ததைக் கேட்டுவிட்டு ஜெபிக்கும்போது ஜெபத்தின் தொனியே மாறுகிறது. பழைய விண்ணப்பங்கள்தான், ஆனால் கெஞ்சலோடு கொஞ்சம் நன்றியும் கலந்து வரும்.

வேதமும் இந்த வரிசையில்தான் பேசுகிறது. யாத்திராகமம் 20-ல் பத்துக் கட்டளைகளுக்கு முன்னால், எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினவர் நானே என்று தேவன் சொல்லிவிடுகிறார். எபேசியரின் முதல் மூன்று அதிகாரங்களைப் பாருங்கள். அங்கே பவுல் கொடுக்கும் ஒரே கட்டளை 2:11-ல் வரும் "நினைத்துக்கொள்ளுங்கள்" மட்டும். பொய் பேசாதே, திருடாதே, புருஷர்களே, மனைவிகளே எல்லாம் நாலாம் அதிகாரத்திலிருந்துதான்.

பாவ அறிக்கை ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், அமைதியாகவே இருக்கட்டும். ஒருவர் சங்கீதம் 51-ன் முதல் சில வசனங்களை வாசிக்கலாம். முடித்ததும் 1 யோவான் 1:9-ஐச் சத்தமாக, நிறுத்தி வாசியுங்கள். அறிக்கை செய்யவைத்துவிட்டு மன்னிப்பை அறிவிக்காமல் அடுத்த பாட்டுக்குப் போவது அடிக்கடி நடக்கும் தவறு. குற்றவுணர்வோடு வந்தவர் அதே பாரத்தோடு பாட வேண்டியிருக்கும்.

இந்த மாற்றத்துக்கு முதல் சில வாரங்கள் எதிர்ப்பு வரும். "சாட்சி இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். சாட்சியை எடுக்கவில்லை ஐயா, பின்னால் வைத்திருக்கிறோம் என்று மரியாதையோடு சொல்லுங்கள்.

6. பாட்டுத் தேர்வு

பாடுகிறவர்களைப் பேசவிட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். ஒவ்வொரு பாட்டிலும் யார் என்ன செய்தார் என்று பாருங்கள். "நான் பாடுவேன், நான் துதிப்பேன், நான் ஜெயிப்பேன்" மட்டுமே இருக்கும் பாட்டுகளை அடுக்காதீர்கள். கிறிஸ்துவின் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் வெளிப்படையாகச் சொல்லும் ஒரு பாட்டு ஒவ்வொரு வாரமும் இருக்கட்டும். பழைய கீர்த்தனைகளில் அது தாராளமாக இருக்கிறது. வயதானவர்களுக்கு மனப்பாடம், பிள்ளைகளுக்கு நீங்கள் வைத்த ரோமன் எழுத்துப் பிரதி.

7. வாழ்க்கைக்குப் பொருத்திப் பேசும்போது

செய்தியைத் தினசரி வாழ்க்கைக்குக் கொண்டுவரும்போதுதான் நாம் மறுபடியும் "செய், செய்யாதே" என்று வழுக்கிவிடுவோம். கடனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கூட்டங்களில் வெளியே சொல்லாத சுமை அதுதான். கிரெடிட் கார்டு, கார் தவணை, சில வீடுகளில் ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர்களிடம் வாங்கிய கடன், அவர்கள் கேட்டில் சாயம் ஊற்றிவிட்டுப் போகும் வரைக்கும்.

"கடன் வாங்காதே என்று வேதம் சொல்கிறது" என்று தொடங்கினால் கடன்காரர் அடுத்த வாரம் வரமாட்டார். அவமானம் அவரை ஏற்கெனவே மூடி வைத்திருக்கிறது, நீங்கள் இன்னொரு மூடி போட்டுவிட்டீர்கள். கிறிஸ்து நம்மைக் குறித்த அவமானத்தைச் சுமந்தார், தேவனுக்கு முன்பாக நாம் மறைக்க வேண்டியது இனி ஒன்றுமில்லை என்று முதலில் சொல்லுங்கள். அப்போதுதான் உண்மையான தொகை வாயிலிருந்து வரும், முதலில் மனைவியிடம், பிறகு நம்பகமான ஒரு மூப்பரிடம்.

தொகை வெளியே வந்த பிறகு நடைமுறை உதவி. வங்கிக் கடன், கிரெடிட் கார்டு என்றால் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே-வுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஆலோங் மிரட்டல் என்றால் போலீஸ் ரிப்போர்ட், கூடவே ஒருவர். ஜெபித்துவிட்டுத் தனியாக அனுப்பாதீர்கள். சுவிசேஷம் மனிதரைச் சுதந்திரமாகப் பேசவைக்கிறது என்று நம்பினால், பேசியவரோடு கூட நடக்கவும் வேண்டும்.

குடி, கணவன் மனைவி சண்டை, வேலையிடத்துப் பொறாமை எல்லாவற்றுக்கும் இந்த வரிசையே பொருந்தும். கிறிஸ்து இதில் எனக்கு என்ன கொடுத்திருக்கிறார், அதனால் நான் எதை விடலாம், இன்று யாரிடம் போக வேண்டும்.

8. சாட்சியும் ஜெபக் குறிப்பும்

சாட்சி சொல்கிறவரிடம் முன்கூட்டியே இரண்டு கேள்விகளைக் கொடுங்கள்: இந்த வாரம் ஆண்டவரைப் பற்றி எதைப் புரிந்துகொண்டீர்கள்? எங்கே அவரை நம்பக் கஷ்டமாக இருந்தது? இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால் சாட்சி நேரம் வெற்றிச் செய்தி நேரமாகிவிடும். வீடு கிடைத்தது, விசா கிடைத்தது, ஆபரேஷன் நன்றாக முடிந்தது. எல்லாம் நன்றி சொல்ல வேண்டியவைதான். ஆனால் மூலையில் ஒரு அக்கா டயாலிசிஸ் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், வாரம் மூன்று தடவை. அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அந்த அறை அவருக்கு உணர்த்திவிடக் கூடாது.

அவரிடமும் கேளுங்கள். தன் மாம்சத்தில் முள்ளாக இருந்த வேதனையை எடுத்துப்போடும்படி பவுல் மூன்று தரம் வேண்டினார், கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". 2 கொரிந்தியர் 12-ல் இருக்கிற அதுவும் சாட்சிதான். சுகத்துக்காகத் தைரியமாக ஜெபியுங்கள், ஒவ்வொரு வாரமும் ஜெபியுங்கள். சுகம் தாமதித்தால் "விசுவாசம் பத்தல" என்று யாரையும் சொல்லவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் இரட்சிப்பின் பாரத்தைக் கிறிஸ்துவின் தோளிலிருந்து எடுத்து நோயாளியின் தலையில் வைக்கிறது.

9. இந்து உறவினர்கள் வந்திருந்தால்

பிறந்தநாள் ஜெபம், புதுவீட்டு ஜெபம், இறந்தவர் வீட்டில் ஆறுதல் ஜெபம் என்றால் பெரியப்பா, அத்தை, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாரும் வருவார்கள். பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர்கள் முன்னால் தைப்பூசத்தையோ காவடியையோ இழுத்துப் பேச வேண்டாம். விருந்தாளியாக வந்தவரை அவமதித்துவிட்டு அன்பைப் பற்றிப் பேச முடியாது. சுவிசேஷத்தில் இடறல் ஒன்று இருக்கிறது, அது சிலுவை. நம் வாய்த்துடுக்கை அதோடு சேர்க்க வேண்டாம்.

இரட்சிப்பு, கிருபை, நீதிமான் போன்ற சபை வார்த்தைகளைப் பயன்படுத்தினால் உடனே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். இயேசு யார், ஏன் மரித்தார், எழுந்தார் என்று எப்படி நம்புகிறோம் என்பதை நேராகச் சொல்லுங்கள். இறந்தவர் வீட்டில் இன்னும் சுருக்கமாக: யோவான் 11-ல் இயேசு கண்ணீர்விட்டதையும், உயிர்த்தெழுதலும் ஜீவனும் நானே என்று சொன்னதையும் வாசித்துவிட்டு, அந்தக் குடும்பத்தோடு உட்காருங்கள்.

மலேசியச் சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது, அதன் 4-ஆவது உட்பிரிவு முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்குச் சத்தம் தொந்தரவாக இல்லாமல் பார்த்துக்கொள்வதும், பெருநாளில் வாழ்த்தச் செல்வதும் அண்டைவீட்டாரை நேசிப்பதில் சேர்ந்ததே.

10. சாப்பாட்டு மேசை

கூட்டம் "ஆமென்" சொன்னதும் முடிந்துவிடவில்லை. சுவிசேஷம் நடுவில் இருக்கிறதா என்பது தட்டு எடுக்கும்போதுதான் தெரியும்.

கலாத்தியர் 2:11-14-ல், அந்தியோகியா பட்டணத்தில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். காரணம் உபதேசப் பிழை ஒன்றுமில்லை, சாப்பாடு. புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிப்போனார். அவர்கள் "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி" நடக்கவில்லை என்று பவுல் எழுதுகிறார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது சுவிசேஷ விஷயம்.

நம் ஊரில் அதன் முகம் இதுதான். உணவகத்தில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகள் இரண்டு பேர் வேலை முடித்து ஒன்பது மணிக்கு மேல் வருகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுப் பக்கத்தில் கையில் ஹெல்மெட்டோடு நிற்கிறார்கள். சோபாவில் பழைய குடும்பங்கள். "வாங்க தம்பி, உட்காருங்க" என்று ஒருவர் சொல்வார், ஆனால் எழுந்து இடம் விடமாட்டார். சாப்பிடும்போது அவர்கள் வெளியே வாசல் நடைபாதையில், நாம் உள்ளே. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அதனாலேயே அது வருடக்கணக்கில் நடக்கிறது.

சாதியும் இப்படித்தான் உள்ளே வருகிறது. பிரசங்கத்தில் யாரும் அதைப் பேசமாட்டார்கள், வரன் பேசும்போது அடுப்படியில் "அவங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்வி வரும். ஒரே அப்பத்தில் பங்குபெற்றுவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பது அந்தியோகியாவில் பேதுரு செய்ததேதான். நடத்துகிறவர் நீங்கள் என்பதால், அந்தக் கேள்வி உங்கள் காதில் விழுந்தால் அங்கேயே, தனியாக, அன்போடு, ஆனால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை எளியவை. தாமதமாக வருகிறவர்களுக்கு முன்கூட்டியே உள்ளே இடம் வையுங்கள். முதல் தட்டை அவர்களிடம் கொடுங்கள். ஜெபம் ஏறெடுக்க, வேதம் வாசிக்க அவர்களைக் கேளுங்கள். ஊரிலிருக்கும் அம்மாவின் பெயரைக் கேட்டு, அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

11. சபையோடு சேர்த்துக் கட்டுங்கள்

வீட்டுக்கூட்டம் நன்றாகப் போக ஆரம்பித்தால் ஒரு ஆபத்து வரும்: "எங்க வெள்ளிக்கிழமைக் கூட்டந்தான் உண்மையான சபை" என்ற பேச்சு. முளையிலேயே கிள்ளிவிடுங்கள். ஞானஸ்நானமும் திருவிருந்தும் சபைக்குக் கொடுக்கப்பட்டவை. திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை 1 கொரிந்தியர் 11:23-26 வாசித்து ஆயத்தப்படுத்துங்கள். கர்த்தருடைய மரணத்தை அவர் வருமளவும் அறிவிப்பதுதான் அந்த மேசை என்பது பிள்ளைகளுக்கும் புரியும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம் உங்கள் பகுதிகளின் பட்டியலைக் கொடுங்கள். காணிக்கையை வீட்டுக்கூட்டத்தில் எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் எங்கே போகிறது என்று கணக்கோடு சபையில் ஒப்படையுங்கள். கேயாசியின் கதையை நடத்திய வீட்டில் பணக் கணக்கு பளிச்சென்று இருக்க வேண்டும்.

12. சரியாகப் போகிறதா என்று பார்ப்பது

கூட்டம் முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் கேளுங்கள்: "இன்னைக்கு ஆண்டவர் என்ன செஞ்சார்னு பேசினோம்?" அந்தப் பிள்ளை "நல்லா இருக்கணும்னு சொன்னீங்க" என்றால் செய்தி அறிவுரையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. "அந்த ஆள் காசு கொடுத்தும் வாங்கல" என்றால் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது.

மாதம் ஒருமுறை உங்களோடு கூட இருப்பவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வாரம் கிறிஸ்துவின் பெயர் ஜெபத்தின் முடிவில் மட்டும் வந்தது? யார் வருவதை நிறுத்தினார், போன் பண்ணினோமா? வரிசை பழையபடி நழுவுகிறதா? வருகை எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். கூட்டம் பெருகினால் மகிழ்ச்சிதான், ஆனால் சாப்பாடு நன்றாக இருந்தாலும் கூட்டம் பெருகும்.

கிளம்புமுன் அடுத்த வார வேதபகுதியை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள், அதிகாரம் முழுவதும் வாசித்து வரச் சொல்லி. வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு யாராவது அதைச் சத்தமாக வாசித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். போன வாரம் தமிழ் புரியாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையிடமே ஆங்கிலத்திலோ மலாயிலோ அதே பகுதியை வாசித்து அனுப்பச் சொல்லலாம்.